ரயில் எங்கே காத்து நிற்க வேண்டும்?

"இது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, இதில் தப்பு வராது" என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. பள்ளிக்கூடத்து டைம் டேபிள், பஸ் ரூட், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி, ரயில் அட்டவணை என்று எதைப் பற்றிக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி விடுகிறார். அப்படித் திரும்பக் கூடாது, கூடுதலாக ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணிப்பொறி மீது எனக்கு விரோதம் ஏதும் இல்லை. ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோதான். ஆனாலும் இந்தக் கணக்குகள் எப்படிப் போடப்படுகின்றன என்பதை ஓய்வுக்குப் பிறகு ஆசையோடு படித்து வருகிறேன். படிக்கப் படிக்க அந்த முறைகள் மீது மதிப்புத்தான் கூடியிருக்கிறது. என் சந்தேகம் முறைகளைப் பற்றியதல்ல. அவற்றின் கையில் என்ன வேலையைக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றியது.

கோட்டுகாலிலும் அக்கம்பக்கத்திலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எட்டாத விஷயம் அல்ல. நமக்குப் பக்கத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் அங்கே வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பாலராமபுரத்தில் ரயில் பாதையோடு இணைக்கச் சுமார் 10.7 கிலோமீட்டர் இணைப்புப் பாதை திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பகுதி சுரங்கம். அந்தப் பாதை முடிந்து கன்டெய்னர் ஏற்றிய சரக்கு ரயில்கள் பாலராமபுரத்தில் வந்து சேரும்போது, நாம் தினமும் ஏறி இறங்கும் அதே தண்டவாளத்தில்தான் அவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும். எந்த ரயில் முன்னே போகும், எது லூப் லைனில் ஒதுங்கி நிற்கும் என்பதைக் கணக்குத்தான் தீர்மானிக்கும். அந்தக் கணக்கைப் பற்றித் தெரிந்து கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு.

பத்திரிகை கொடுக்கும் கணக்கு

நம் வீட்டுக் காரியத்திலிருந்தே தொடங்குவோம். வீட்டில் கல்யாணம். நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் பத்து. கோட்டுகாலில் இரண்டு, பாலராமபுரத்தில் மூன்று, நெய்யாற்றின்கரையில் இரண்டு, பாறசாலையில் இரண்டு, களியக்காவிளையில் ஒன்று. எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்?

பத்து வீடுகளை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. ஒரு நொடியில் 10 கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணிப்பொறி இருந்தால் கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடும். வீடுகள் இருபது என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று தோன்றும். ஆனால் வரிசைகளின் எண்ணிக்கை 24 போட்டு அதன் பின் 17 பூஜ்யங்கள் போடும் அளவுக்குப் போய்விடுகிறது. அதே கணிப்பொறி இரவு பகலாக ஓடினாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 770 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பேரன் பேத்திகளின் கல்யாணமும் முடிந்து, அவர்கள் சந்ததியின் கல்யாணங்களும் பல முடிந்திருக்கும்!

இதோடு விட்டதா? பெரிய மாமா வீட்டுக்கு முதலில் போகாவிட்டால் கோபித்துக் கொள்வார். சம்பந்தி வீட்டுக்கு ராகு காலத்தில் போகக் கூடாது. பாறசாலைச் சித்தப்பா மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் வீட்டில் இருப்பார். இப்படி நிபந்தனைகள் சேரச் சேரக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது.

எல்லா வழிகளையும் எண்ணிப் பார்க்காமலே, இதுதான் மிகக் குறைந்த தூரம் என்று நிரூபிக்கும் கணித முறைகளும் உண்டு. ஒரு மின்னணுச் சில்லு தயாரிப்பில் எழுந்த 85,900 புள்ளிகள் கொண்ட கணக்குக்கு 2006-ல் அப்படி முடிவான விடை கண்டார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் அது தூரம் ஒன்றையே பார்க்கும் சுத்தமான கணக்கு. மாமாவின் கோபமும் ராகு காலமும் கலந்த நடைமுறைக் கணக்குகள் பெரிதாகும்போது, முடிவான விடைக்காகக் காத்திருக்க நமக்கு நேரம் இருப்பதில்லை. கல்யாணத் தேதிக்குள் பத்திரிகை போய்ச் சேர வேண்டும். ஆகவே, போதுமான அளவுக்கு நல்ல விடை ஒன்று கிடைத்தால் சரி என்று இறங்கி வருகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கண்ட்ரோல் ஆபீஸ் பென்சில்

ரயில்வேயில் இதை வெகு காலமாகச் செய்து வருகிறோம். கண்ட்ரோல் ஆபீசில் ஒரு பெரிய வரைபடத் தாள் இருக்கும். குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. வடக்கே போகிற ரயிலுக்கு ஒரு பக்கச் சாய்வு, தெற்கே வருகிற ரயிலுக்கு மறு பக்கச் சாய்வு. ஒற்றைப் பாதையில் இந்தக் கோடுகள் இரண்டும் ஏதாவது ஒரு கிராஸிங் நிலையத்தில்தான் ஒன்றையொன்று வெட்டலாம். நடுவழியில் வெட்டினால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 87 கிலோமீட்டர் பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது ஒற்றைப் பாதையாகத்தான் வந்தது. நெடுங்காலம் அப்படியேதான் ஓடியது. இரட்டைப் பாதை வேலை மிகவும் பின்னால் தொடங்கியது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் எதிர் ரயிலுக்காக நாம் காத்துக் கிடந்த நேரத்தைக் கூட்டினால் சிலருக்கு ஆண்டுக் கணக்கில் வரும். அந்தக் காத்திருப்பு முழுவதும் மேலே சொன்ன தாளில் பென்சிலால் முடிவானது.

செக்‌ஷன் கண்ட்ரோலர் அந்தத் தாளை வைத்துக் கொண்டு எல்லா வழிகளையும் சோதித்துப் பார்ப்பதில்லை. எக்ஸ்பிரஸுக்கு முதலிடம் கொடு, சரக்கு ரயிலை லூப்பில் ஒதுக்கு, ஏற்றத்தில் நிற்கும் கனமான வண்டியைக் கூடிய மட்டும் நிறுத்தாதே என்பன போன்ற அனுபவ விதிகள் அவருக்கு மனப்பாடம். இப்படிப்பட்ட அனுபவ உத்தியைத்தான் ஆங்கிலத்தில் ஹியூரிஸ்டிக் என்கிறார்கள். இன்று அந்தத் தாள் கணிப்பொறித் திரைக்கு மாறிவிட்டது. கணக்கு மாறவில்லை.

மூடுபனியில் மலையேற்றம்

அனுபவ உத்தியில் ஒரு குறை உண்டு. கையிலிருக்கும் அட்டவணையில் ஒரு கிராஸிங்கை மாற்றிப் பார்க்கிறோம். மொத்தத் தாமதம் குறைந்தால் வைத்துக் கொள்கிறோம், கூடினால் விட்டுவிடுகிறோம். இப்படியே போனால் ஒரு கட்டத்தில் எதை மாற்றினாலும் தாமதம் கூடத்தான் செய்யும். முடிந்தது, இதுவே சிறந்தது என்று தோன்றும். ஆனால் அது உண்மையில்லாமல் இருக்கலாம்.

மூடுபனியில் அகத்தியர் மலை ஏறுவதாக நினைத்துக் கொள்ளுங்கள். நான்கடி தூரத்துக்கு மேல் கண் தெரியவில்லை. ஏறுமுகமாக உள்ள பக்கமே அடி வைத்துப் போகிறீர்கள். கடைசியில் எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இறக்கமாக இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறீர்கள். உச்சிக்கு வந்துவிட்டோம் என்று தேங்காய் உடைக்கிறீர்கள். பனி விலகியதும் பார்த்தால் நிற்பது ஒரு சின்னக் குன்று. 1,868 மீட்டர் சிகரம் எதிரே வேறெங்கோ நிற்கிறது. அங்கே போக வேண்டுமானால் முதலில் இந்தக் குன்றிலிருந்து இறங்கியாக வேண்டும்.

இறங்கத் துணிவதற்கு ஒழுங்கான முறை வகுத்துக் கொடுப்பவைதான் மெட்டா ஹியூரிஸ்டிக்ஸ் எனப்படும் உத்திகள். அனுபவ உத்திகளுக்கு மேலிருந்து வழிகாட்டும் உத்தி என்று பொருள் கொள்ளலாம். இந்தப் பெயரை 1986-ல் வழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் பிரெட் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர். வகைகள் பல இருந்தாலும் நான்கைச் சொன்னால் போதும்.

முதலாவது, இரும்பு வேலை தெரிந்தவர்களுக்கு உடனே விளங்குவது. கொல்லன் இரும்பைச் சிவக்கக் காய்ச்சி மெல்ல மெல்ல ஆறவிட்டால் உள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்து ஒழுங்காகப் படிகிறது. சட்டென்று குளிரவைத்தால் கோளாறு உள்ளேயே தங்கிவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கிர்க்பாட்ரிக், கெலாட், வெச்சி ஆகிய மூவர் 1983-ல் இதையே கணக்குக்குக் கொண்டு வந்தார்கள். ஆரம்பத்தில், சூடு அதிகமாக இருக்கும்போது, அட்டவணையைக் கெடுக்கும் மாற்றத்தையும் அடிக்கடி ஏற்றுக் கொள்ள வேண்டும். சூடு குறையக் குறைய அப்படி ஏற்பது அரிதாகும். கடைசியில் நல்ல மாற்றத்தை மட்டுமே ஏற்கும். ஆரம்பத்துத் தாராளம் சின்னக் குன்றிலிருந்து இறங்க உதவுகிறது. பின்னால் வரும் கண்டிப்பு பெரிய மலையில் நிலைக்க உதவுகிறது.

இரண்டாவது, குளோவர் சொன்ன விலக்குப் பட்டியல் முறை. இப்போதுதான் மாற்றிய ஒன்றை உடனே பழையபடி மாற்றக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்துக் கொள்வது. சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வராமல் அது தடுக்கும்.

மூன்றாவது, ஜான் ஹாலண்ட் 1975-ல் நூலாக எழுதிய மரபணு முறை. நெட்டைத் தென்னையையும் குட்டைத் தென்னையையும் கலந்து நல்ல ரகம் எடுப்பதை நாம் அறிவோம். அதுபோல நல்ல அட்டவணைகள் இரண்டை எடுத்து, ஒன்றின் காலைப் பகுதியையும் மற்றதன் மாலைப் பகுதியையும் ஒட்டிப் புது அட்டவணை உண்டாக்குவது. நன்றாக இருப்பதை விதைக்கு வைத்து, மற்றதைக் களைந்துவிட வேண்டும்.

நான்காவது எறும்பு முறை. சமையலறைச் சர்க்கரை டப்பாவைத் தேடி எறும்புகள் முதலில் பல பக்கமும் அலையும். குறுகிய வழியில் போன எறும்பு சீக்கிரம் திரும்புவதால் அந்த வழியில் அவற்றின் வாசனை அடர்த்தியாகப் படியும். பின்னால் வரும் எறும்புகள் அதையே பிடித்துக் கொள்ளும். மார்க்கோ டோரிகோ என்ற இத்தாலியர் 1992-ல் மிலான் நகரில் டாக்டர் பட்டத்துக்குச் செய்த ஆராய்ச்சி இது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் சொன்னோம், அவர் கணக்கும் தீரும் என்று காட்டினார்.

இவற்றுக்குப் பிறகு குயில், ஓநாய், வௌவால் என்று ஒவ்வொரு பிராணியின் பெயரிலும் முறைகள் கிளம்பின. பழைய முறைக்குப் புது வேஷம் போட்டது போல் பல இருக்கின்றன என்று கென்னத் சோரென்சன் என்ற பெல்ஜியப் பேராசிரியர் 2015-ல் கடுமையாகவே எழுதினார். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாதை தெரிந்தவர் வேண்டும்

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். 1997-ல் வோல்பர்ட், மக்ரெடி என்ற இருவர் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள். இருக்கக் கூடிய எல்லாக் கணக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் முறையும் மற்றதைவிட மேலானதல்ல என்பது அதன் சாரம். இலவசச் சாப்பாடு கிடையாது என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படியானால் ஒரு முறை ஒரு வேலையில் நன்றாக ஓடுவது எதனால்? அந்த வேலையின் தன்மை தெரிந்தவர் அதற்கு ஏற்றபடி முறையை அமைப்பதால்தான்.

விழிஞ்ஞம் துறைமுகத்தையே எடுத்துக் கொள்வோம். கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். முதலில் போக வேண்டிய பெட்டி அடியில் இருந்தால் மேலே உள்ளவற்றைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், அடிப்பெட்டியில் இருக்கும் பட்டுப் புடவையைத் தேடுவது போலத்தான். கப்பல் முன்பின்னாக வரும், கடல் கொந்தளிக்கும், கிரேன் பழுதாகும். இவையெல்லாம் தெரிந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் எந்தத் தேடல் முறையும் உருப்படியான அடுக்கைத் தரும்.

ரயில் பாதைக்கும் இதுவே பொருந்தும். என் பிரிவின் அனுபவத்தைச் சொல்கிறேன். தண்டவாளம் மாற்ற, ஜல்லி சீராக்க, பாலம் பார்க்க, பாதையில் ரயில் ஓடாத நேரம் கொஞ்சம் வேண்டும். அதற்கு 'பிளாக்' என்று பெயர். பாதை நிறைய வண்டி ஓடுவதே சிறப்பு என்று கணக்குப் போட்டால், ரயில் ஓடாத அந்த இரண்டு மணி நேரம் வீணான நேரமாகத் தெரியும். பிளாக் டிக்கெட் வாங்குவதில்லை, வாடகை தருவதில்லை. ஆனால் அது கிடைக்காவிட்டால் பாதை தளரும், வேகக் கட்டுப்பாடு போட வேண்டி வரும், எல்லா ரயிலும் தாமதமாகும். அதேபோல நிமிஷ இடைவெளியும் விடாமல் நெருக்கி நெய்த அட்டவணை தாளில் அழகாக இருக்கும். ஒரு ரயில் பத்து நிமிஷம் பிந்தினால் வரிசையாக எல்லாமே சரியும். இதைக் கணிப்பொறி தானாக அறியாது. சொல்லிக் கொடுத்தால் அறியும்.

எடைக்கல் யார் கையில்?

நான் கேட்கச் சொன்ன கூடுதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். தேடல் முறை எதுவாக இருந்தாலும் அதற்கு ஓர் எடைக்கல் கொடுக்க வேண்டும். இந்த அட்டவணை நல்லதா, அந்த அட்டவணை நல்லதா என்று அது ஒவ்வொரு தடவையும் நிறுத்துப் பார்க்கும். எடைக்கல்லைச் செய்வது மனிதன்.

கற்பனையாக ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். காலை நேரம். பாறசாலைப் பக்கமிருந்து 600 பேரோடு ஒரு பாசஞ்சர் திருவனந்தபுரம் நோக்கி வருகிறது. எதிரே ஒரு சரக்கு ரயில். பாசஞ்சரை நிறுத்தினால் அதற்கு 12 நிமிஷம் தாமதம். சரக்கு ரயிலை நிறுத்தினால் அதற்கு 20 நிமிஷம் தாமதம், ஏனென்றால் கனமான வண்டி மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். எதை நிறுத்துவது?

ரயில்களின் தாமதத்தை மட்டும் கூட்டினால் 20-ஐவிட 12 குறைவு. பாசஞ்சர்தான் நிற்க வேண்டும். மனிதர்களின் நேரத்தைக் கூட்டினால் விடை தலைகீழாகிறது. 600 பேருக்கு 12 நிமிஷம் என்றால் 7,200 நிமிஷம். சரக்கு ரயிலில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர், அவர்களுக்கு 20 நிமிஷம் என்றால் 60 நிமிஷத்துக்கு மேல் போகாது. சரக்கு ரயில்தான் நிற்க வேண்டும். கப்பல் காத்திருப்பதால் உண்டாகும் பண நஷ்டத்தை எடைக்கல்லாக வைத்தால் மறுபடி பாசஞ்சர் நிற்கும்.

மூன்று எடைக்கல்லுக்கும் ஒரே கணிப்பொறி, ஒரே தேடல் முறை. மூன்றிலும் கணக்கில் பிழை கிடையாது. விடைகள் மட்டும் வேறு வேறு. "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த எடைக்கல்லை வைத்து நிறுத்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்கிறேன்.

அந்தக் காலைப் பாசஞ்சரில் வருபவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். எல்லைக்கு அப்பாலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும் கட்டட வேலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், கல்லூரிப் பிள்ளைகள், ரீஜினல் கேன்சர் சென்டரில் வைத்தியத்துக்கு வரும் நோயாளிகள், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் உறவினர்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே வந்தது. வாழ்க்கையை அந்தக் கோட்டால் வெட்ட முடியவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும், வேலையும் வைத்தியமும் இன்றும் இரு பக்கமும்தான். பன்னிரண்டு நிமிஷம் பிந்தினால் கடைச் சிப்பந்திக்கு அரை நாள் கூலி போகலாம். நோயாளிக்கு ஓ.பி. சீட்டு தவறலாம். எடைக்கல்லில் இவை எழுதப்படாவிட்டால் கணக்குக்கு இவை இல்லாதவையே.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2020-ல் இந்திய ரயில்வே பழைய அட்டவணையை ஒதுக்கிவிட்டு, பூஜ்யத்திலிருந்து புது அட்டவணை போடும் பெரு முயற்சியை ஐ.ஐ.டி. மும்பையின் உதவியோடு மேற்கொண்டது. வேகம் கூட்டவும், பராமரிப்புக்கு நேரம் ஒதுக்கவும் அது தேவையான வேலைதான். பிளாக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போன என் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதே முயற்சியில்தான் சின்ன நிலையங்களின் பல நிறுத்தங்களும் போயின. ஏறுபவர் குறைவு என்பது ஓர் எடைக்கல். ஏறுபவருக்கு வேறு வண்டி உண்டா என்பது இன்னோர் எடைக்கல். எதற்கு எவ்வளவு கனம் என்று முன்கூட்டியே ஊராரிடம் பேசியிருந்தால் மனக்கசப்பு குறைந்திருக்கும்.

ஒரு விடை வேண்டாம், வரிசை வேண்டும்

சரி, எடைக்கல்லை முடிவு செய்வதுதானே கஷ்டம், ஆளுக்கு ஒன்று சொல்வார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு வழி காட்டியதில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது எனக்குப் பெருமை.

கல்யாண்மய் தேப் என்ற பேராசிரியர் ஐ.ஐ.டி. கான்பூரில் இருந்தபோது, 2002-ல் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். என்.எஸ்.ஜி.ஏ. 2 என்று அதற்குப் பெயர். உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் முறை அது. கட்டுரை எழுதிய நால்வரில் ஒருவரின் பெயர் மெய்யறிவன் என்பதைப் பார்த்தபோது ஒரு தமிழனாக எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கவில்லை.

இந்த முறை மரபணு முறையின் வழியில் வந்தது. ஆனால் பயணிகளின் நேரம், சரக்கின் நேரம், செலவு என்று பல நோக்கங்களை ஒரே எடைக்கல்லில் உருக்கி வார்க்காமல், தனித்தனியாகவே வைத்துத் தேடும். கடைசியில் ஒரே ஒரு விடையைத் தராமல் விடைகளின் வரிசை ஒன்றைத் தரும். அந்த வரிசையில் உள்ள எதை எடுத்தாலும், ஒரு நோக்கத்தில் லாபம் காண வேண்டுமானால் இன்னொன்றில் விட்டுக் கொடுத்தாக வேண்டும். எல்லா விதத்திலும் மட்டமான விடைகள் முன்பே கழிந்துவிடும்.

இது ஜவுளிக் கடையில் நல்ல கடைக்காரர் நடந்து கொள்வது போல. பாலராமபுரம் கைத்தறி வாங்கப் போனால் ஒரே வேட்டியை நீட்டி இதுதான் சிறந்தது என்று அவர் சொல்வதில்லை. விலை குறைந்தது, நூல் நைசானது, கரை அகலமானது என்று வரிசையாக விரித்துப் போடுகிறார். எதற்காக எதை விட்டுக் கொடுப்பது என்று நாம் முடிவு செய்கிறோம்.

அட்டவணை போடுபவர்களும் அப்படி விரித்துப் போட வேண்டும் என்பதே என் வாதம். 'இந்த அட்டவணையில் காலைப் பாசஞ்சர் ஐந்து நிமிஷம் பிந்தும், தினம் இரண்டு கன்டெய்னர் ரயில் கூடுதலாகப் போகும். அந்த அட்டவணையில் பாசஞ்சர் பிந்தாது, ஒரு சரக்கு ரயில் இரவுக்குத் தள்ளிப் போகும்' என்று எளிய பாஷையில் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும். கணிப்பொறிக்கு இந்த வரிசையைத் தரும் வசதி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரே விடையை மட்டும் காட்டி வேறு வழியில்லை என்று சொல்வது இனியும் ஏற்கத் தக்கதல்ல.

இதற்கு மறுப்பு உண்டு. எல்லோரையும் கேட்டுக் கொண்டிருந்தால் ரயில் ஓடாது, நிபுணர்களிடம் விட்டுவிட வேண்டும் என்பார்கள். அன்றாட ஓட்டத்தில் இது சரி. மழை பெய்து பாதையில் மண் சரிந்தால், எதை எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ட்ரோலர் அந்த நிமிஷமே முடிவு செய்ய வேண்டும். யாரையும் கேட்க முடியாது. ஆனால் பல மாதங்கள் ஓடப்போகும் அட்டவணையில் எதற்கு எத்தனை கனம் என்பது நிபுணத்துவக் கேள்வி அல்ல. அது நியாயக் கேள்வி. தேடுவதில் நிபுணர் நம்மைவிடக் கெட்டிக்காரர். எதைத் தேட வேண்டும் என்பதில் நோயாளியை அழைத்துக் கொண்டு ஏறும் அம்மாவுக்கும் ஒரு சொல் உண்டு.

துறைமுகம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதனால் நம் பிள்ளைகளுக்கும் வேலை வரட்டும். சரக்கு ரயில் ஓடினால் சாலையில் லாரி நெரிசல் குறையும், அதுவும் நன்மையே. சரக்கின் எடையும் தராசில் இருக்கட்டும், பயணியின் எடையும் இருக்கட்டும். இரண்டும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

நாம் செய்யக் கூடியவை

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இணைப்புப் பாதை முடிந்து புது அட்டவணை வரும்வரை காத்திருந்து, பிறகு மனு எழுதுவது நம் வழக்கம். அதற்கு முன்பே தொடங்குவோம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை நிலையங்களில் காலையிலும் மாலையிலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், பிந்தினால் என்ன இழக்கிறார்கள் என்று நம் இளைஞர்கள் ஒரு மாதம் எண்ணிக் குறிக்கட்டும். மலையாள நண்பர்களையும் சேர்த்துக் கொள்வோம், வண்டியில் மொழி பார்த்தா ஏறுகிறோம்? கோரிக்கை மனுவைவிடக் கணக்கு எழுதிய நோட்டுக்கு மதிப்பு அதிகம். எடைக்கல் செய்பவரின் மேஜை மீது வைக்க நம்மிடம் எண்கள் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். மேலே சொன்ன முறைகளின் எளிய வடிவத்தை ஒரு கல்லூரி மாணவன் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். கல்யாணப் பத்திரிகைக் கணக்கை அவனிடமே கொடுத்துப் பாருங்கள். விடையைக் கொண்டு வந்து காட்டும்போது பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, "தம்பி, எதைக் குறைக்கச் சொல்லித் தேடினாய்? பெட்ரோலையா, நேரத்தையா, பெரிய மாமாவின் கோபத்தையா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பழகிவிட்டால், நாளை அவன் எந்த ஆபீசில் உட்கார்ந்து எந்த அட்டவணை போட்டாலும் லூப் லைனில் நிற்கப் போகிறவர்களை மறக்க மாட்டான்.